மூன்றாம் கட்சியும் நம் ஹெல்த் கார்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் ஒரு நூலக அறையில், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மத்திய அரசின் பல் காப்புறுதிக்கு விண்ணப்பிக்க வரும் நம்மவர்களுக்கு உதவி செய்கிறேன். படிவம் நிரப்பப் பத்து நிமிடம் போதும். அப்புறம் பேச்சு எப்படியும் தேர்தலுக்குப் போய்விடும். கனடாவின் 2025 ஏப்ரல் தேர்தலில் என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) ஏழு ஆசனங்களுக்குச் சுருங்கிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. ஒரே சந்தேகங்களை வேறு வேறு ஆட்கள் கேட்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலையும் எழுதிவைக்கிறேன். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனால் வைத்தியம் காசைப் பார்த்து நடக்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

மூன்றாம் கட்சி என்றால் யார்? ஒருநாளும் ஆட்சிக்கு வராதவர்களைப் பற்றி ஏன் கதைக்க வேண்டும்?

ஒட்டாவாவில், அதாவது மத்திய அரசில், இன்றுவரை ஆண்டவர்கள் லிபரல்களும் கன்சர்வேட்டிவ்களும்தான். இந்த இரண்டுக்கும் வெளியே நாடு முழுவதும் நின்று தாக்குப்பிடித்த கட்சி என்றால் சி.சி.எஃப். (கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு). விவசாயிகளும் தொழிற்சங்கக்காரர்களும் சேர்ந்து 1932இல் கல்கரியில் தொடங்கியது. 1961இல் அது கனடியத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்போடு இணைந்து என்.டி.பி. ஆனது. நம்மவர்களுக்கும் இந்தக் கட்சி புதிதல்ல. 2011இல் ஸ்காபரோ ரூஜ் ரிவரில் ராதிகா சிற்சபைஈசன் முதல் தமிழ் எம்.பி. ஆனது இந்தக் கட்சியில்தான்.

ஒட்டாவாவில் ஆட்சி கிடைக்கவில்லையே தவிர, மாகாணங்களில் ஆண்டிருக்கிறார்கள். அதில் ஒரு மாகாணத்தில் செய்ததுதான் இன்று நம் எல்லோருடைய பணப்பையிலும் ஹெல்த் கார்டாக இருக்கிறது.

ஓஹிப் ஒன்ராறியோ அரசாங்கம் தருவது. அதற்கும் சஸ்காச்சுவானுக்கும் என்ன சம்பந்தம்?

ஓஹிப் என்ற சுகாதாரக் காப்புறுதியை நடத்துவது ஒன்ராறியோதான். ஆனால் அந்த யோசனை இங்கே பிறக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அரசாங்கக் காப்புறுதி, வைத்தியரிடம் போனால் பில் இல்லை என்பதை ஒரு மாகாணம் முழுவதற்கும் வட அமெரிக்காவில் முதலில் செய்து காட்டியது சஸ்காச்சுவான். அது தொடங்கிய நாள் 1962 ஜூலை 1. ஒன்ராறியோ நாடு தழுவிய திட்டத்தில் சேர்ந்தது 1969இல்.

கோதுமை வயல்களைத் தவிர வேறு பெரிய வருமானம் இல்லாத, 1930களின் வறட்சியில் நொந்துபோன மாகாணம் அது. பணக்கார ஒன்ராறியோ செய்யத் தயங்கியதை அவர்கள் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

ரொமி டக்ளஸ் என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். யார் அவர்?

சஸ்காச்சுவானில் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த சி.சி.எஃப். முதல்வர். அவரும் நம்மைப்போல் வந்தேறியவர்தான். 1904இல் ஸ்கொட்லாந்தின் ஃபால்கெர்க்கில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு வினிப்பெக்குக்கு வந்தார். விழுந்ததில் முழங்காலில் அடிபட்டு, எலும்புக்குள் கிருமி பிடித்துவிட்டது. தகப்பன் இரும்பு வார்க்கும் தொழிலாளி, நிபுணரைப் பார்க்கக் காசில்லை. காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் வார்டுக்கு வந்த எலும்பு வைத்தியர் ஒருவர், தன் மாணவர்கள் பார்த்துப் படிக்கப் பெற்றோர் சம்மதித்தால் காசு வாங்காமல் சத்திரசிகிச்சை செய்வதாகச் சொன்னார். கால் தப்பியது.

இந்தக் கதையை டக்ளஸ் மேடை மேடையாகச் சொன்னார். அந்த வைத்தியரின் நல்ல மனதைப் புகழ்வதோடு அவர் நிறுத்தவில்லை. பணக்காரப் பிள்ளையாக இருந்திருந்தால் அந்த ஊரிலேயே சிறந்த வைத்தியர் கிடைத்திருப்பார், எனக்குக் கிடைத்தது ஒரு தற்செயல், ஒரு பிள்ளையின் கால் தற்செயலை நம்பி இருக்கலாமா என்று கேட்டார். வளர்ந்ததும் குத்துச்சண்டை வீரரானார். 1922இல் மனிற்றோபாவின் லைட்வெயிட் சம்பியன். 1930இல் சஸ்காச்சுவானின் வெய்பர்ன் என்ற சின்ன நகரில் பப்டிஸ்ட் போதகர். பஞ்ச காலத்தில் சவ அடக்கம் செய்து செய்துதான் அரசியலுக்கு வந்தார். 1934இல் முதல் தேர்தலில் தோற்றார், 1935இல் எம்.பி. ஆனார்.

ஊரிலும் ஆஸ்பத்திரி இலவசம்தானே? இங்கே என்ன புதிதாகச் செய்தார்கள்?

நல்ல கேள்வி. இலங்கையில் அரசாங்கமே ஆஸ்பத்திரி நடத்துகிறது, டொக்டருக்குச் சம்பளமும் அதுதான் கொடுக்கிறது. பக்கத்திலேயே காசு கொடுக்கும் தனியார் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கனடாவில் அரசாங்கம் காப்புறுதிக் கம்பனியின் இடத்தில் இருக்கிறது. உங்கள் குடும்ப வைத்தியர் அரசாங்க ஊழியர் அல்ல. அவர் சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறார், உங்களைப் பார்த்ததற்கான கட்டணத்தை உங்களிடம் கேட்காமல் ஓஹிப்பிடம் கேட்கிறார். ஏன் இப்படி ஆனது என்பதை டொக்டர்மார் வேலைநிறுத்தம் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

"இலவசம்" என்கிறீர்கள். வரியில் பிடிக்கிறார்களே?

பிடிக்கிறார்கள். நான் இலவசம் என்று சொல்வதில்லை, முன்கூட்டியே எல்லோரும் சேர்ந்து கட்டியது என்றுதான் சொல்வேன். ஒன்ராறியோவில் 2004 முதல் வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 900 டொலர் வரை சுகாதாரப் பிரீமியமும் வரியோடு போகிறது. வரிச் சிட்டையில் தனியாகக் காட்டியிருக்கும், பாருங்கள்.

என் அம்மாவுக்கு இதய சத்திரசிகிச்சை நடந்தபோது பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அழைத்துவரும் அன்று என் கோட்டுப் பையில் இருந்த கடதாசிகள் இரண்டு: மருந்துச் சீட்டு, வாகனத் தரிப்பிட ரசீது. அந்த மருந்துச் சீட்டுக்கும் தரிப்பிடத்துக்கும்தான் நாங்கள் யோசிக்க வேண்டியிருந்தது, சத்திரசிகிச்சைக்கு அல்ல.

ஒரே தேர்தலில் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டாரா?

இல்லை, பதினெட்டு வருடம் எடுத்தது. சஸ்காச்சுவானின் 1944 தேர்தலில் சி.சி.எஃப். 52 ஆசனங்களில் 47ஐப் பிடித்தது, டக்ளஸ் முதல்வரானார். 1946இல் ஸ்விஃப்ட் கரன்ட் என்ற பகுதியில் மட்டும், வைத்தியர் செலவையும் சேர்த்து எல்லோருக்குமான காப்புறுதியை நடத்திப் பார்த்தார்கள். 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதற்கும் ஆஸ்பத்திரிக் காப்புறுதி வந்தது. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 டொலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 டொலர். வைத்தியர் கட்டணம் அதில் இல்லை, அதற்குக் கையில் காசில்லை.

காசுக்கு வழி வந்தது ஒட்டாவாவிலிருந்து. 1957இல் நிறைவேறிய சட்டப்படி, மாகாணங்களின் ஆஸ்பத்திரிக் காப்புறுதிச் செலவில் ஏறக்குறையப் பாதியை மத்திய அரசு ஏற்றது. பத்து வருடம் தனியாகச் சுமந்த பாரம் இறங்கியதும், மிஞ்சிய பணத்தில் வைத்தியர் கட்டணத்துக்கும் காப்புறுதி என்று 1959இல் டக்ளஸ் அறிவித்தார். 1960 ஜூன் தேர்தலை அந்த ஒரே கேள்வியில் சந்தித்து வென்றார்.

டொக்டர்மாரே எதிர்த்தார்கள் என்று என் மகன் பள்ளியில் படித்தான். அவர்கள் ஏன் எதிர்க்க வேண்டும்?

அரசாங்கம் ஒன்றே தங்களுக்குச் சம்பளம் தரும் முதலாளி ஆகிவிட்டால், எந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பதிலும் அது தலையிடும் என்று பயந்தார்கள். வருமானப் பயமும் இருந்தது. இன்னொன்றும் உண்டு. வைத்தியர்களே நடத்திய தனியார் முன்கட்டணத் திட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு, ஏழைகளுக்கு மட்டும் அரசாங்கம் பிரீமியம் கட்டினால் போதாதா என்பது அவர்கள் வாதம்.

ஏழைக்குத் தனி வரிசை வைத்தால் அந்த வரிசை எப்படி இருக்கும் என்பது சிறுவயதில் தர்ம வார்டில் படுத்த டக்ளஸுக்குத் தெரியும். எல்லோரும் ஒரே திட்டத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வைத்தியர் சங்கம் 1960 தேர்தலில் ஒரு கட்சியைப் போலவே பணம் சேர்த்து, துண்டுப்பிரசுரம் அடித்துப் பிரசாரம் செய்தது.

டொக்டர்மார் ஸ்ட்ரைக் செய்தால் சனங்கள் என்ன செய்தார்கள்?

1962 ஜூலை 1ஆம் தேதி திட்டம் தொடங்கியது. அன்றே பெரும்பாலான வைத்தியர்கள் கிளினிக்கைப் பூட்டினார்கள். சில ஆஸ்பத்திரிகளில் அவசர சிகிச்சைக்கு மட்டும் ஆள் இருந்தது. வைத்தியரைத் தேடிப் பெற்றோர் காரில் அலைந்த வேளையில், மூளைக்காய்ச்சல் வந்த ஒன்பது மாதக் குழந்தை ஒன்று முதல் நாளிலேயே இறந்தது. இரண்டு பக்கமும் மற்றவரைக் குற்றம் சொன்னது.

அப்போது டக்ளஸ் முதல்வர் அல்ல. புதிய கட்சியான என்.டி.பி.யின் தேசியத் தலைவராகிவிட்டதால், 1961 நவம்பரில் முதல்வர் பதவியை விட்டுவிட்டார். இந்தச் சுமை விழுந்தது வூட்ரோ லொயிட் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியரின் தலையில். அவரைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். "நம் வைத்தியர்களைக் காப்போம்" குழுக்கள் ஊரூராகக் கிளம்பின. ஜூலை 11இல் ரெஜைனா சட்டமன்றத்தின் முன் பல்லாயிரம் பேரைத் திரட்டுவோம் என்றார்கள், வந்தது சுமார் நாலாயிரம். அரசாங்கம் பிரிட்டனிலிருந்து வைத்தியர்களை வரவழைத்தது. ஊர்ச் சனங்கள் பணம் போட்டுச் சமூகக் கிளினிக் திறந்தார்கள். அன்று சஸ்கற்றூனில் திறந்தது இன்றும் நடக்கிறது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத இரு தரப்புக்கும் நடுவே, பிரிட்டனிலிருந்து வந்த டெய்லர் பிரபு தூது போனார். தானும் ஒரு வைத்தியர் என்பது உதவியது. ஜூலை 23இல் ஒப்பந்தம். எல்லோருக்கும் காப்புறுதி நிற்கும், ஆனால் வைத்தியர்கள் சம்பளக்காரர் ஆகமாட்டார்கள், பார்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டணம் பெறுவார்கள். உங்கள் குடும்ப வைத்தியர் இன்றும் தனித் தொழில் நடத்துவதன் வேர் அந்த 23 நாளில் இருக்கிறது.

அவ்வளவு நல்லது செய்தவர் என்றால் சொந்தத் தொகுதியிலேயே ஏன் தோற்றார்?

1962 ஜூன் 18 மத்திய தேர்தலில் ரெஜைனாவில் நின்றார். வைத்தியர் வேலைநிறுத்தத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஊர் முழுக்கப் பயம், கோபம். தேசியத் தலைவராக நின்ற முதல் தேர்தலிலேயே நல்ல வித்தியாசத்தில் தோற்றார். மருத்துவக் காப்புறுதியைப் பயன்படுத்திப் பார்க்குமுன் அதற்கு எதிராக விழுந்த வோட் அது. அந்த ஆண்டே பிரிட்டிஷ் கொலம்பியாவில் பர்னபி கொக்விற்லம் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார்.

லொயிட்டின் ஆட்சியும் 1964இல் போனது. ஆனால் வென்ற லிபரல் முதல்வர் ரொஸ் தாச்சர் திட்டத்தைக் கலைக்கவில்லை. இரண்டு வருடத்தில் சனங்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். கையில் கொடுத்ததைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நாடு முழுக்கக் கொண்டுவந்தது லிபரல் பியர்சன்தானே? பெயரை ஏன் மூன்றாம் கட்சிக்குக் கொடுக்கிறீர்கள்?

சட்டம் போட்டவர் அன்றைய பிரதமர் பியர்சன், அந்தப் பெருமையில் பங்கு அவருக்கு உண்டு. கன்சர்வேட்டிவ் பிரதமர் டீஃபன்பேக்கர் நியமித்த நீதிபதி எமெற் ஹோலுக்கும் உண்டு. அவர் ஆணைக்குழு 1964இல், சஸ்காச்சுவான் செய்ததை நாடே செய்ய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. லிபரல் கட்சி இந்த வாக்குறுதியை முதலில் எழுதியது 1919இல்! நாற்பத்தேழு வருடம் அது தாளில் கிடந்தது.

அதை எழுப்பியவை இரண்டு. ஒன்று, நடக்கிற காரியம்தான் என்பதற்கு ஒரு மாகாணம் சாட்சியாக நின்றது. இரண்டு, 1963, 1965 இரண்டு தேர்தலிலும் பியர்சனுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1965இல் 265இல் 131தான். 21 ஆசனத்தோடு டக்ளஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். 1966 டிசம்பரில் சட்டம் 177க்கு 2 என்று நிறைவேறியது. 1968 ஜூலை 1 அமலுக்கு வந்தது. டக்ளஸ் இல்லாமல் பியர்சன் இதைச் செய்திருப்பாரா? நான் நம்பவில்லை.

பல்லும் மருந்தும் ஏன் அதில் சேரவில்லை?

ஹோல் அறிக்கை மருந்தையும், பிள்ளைகளின் பல்லையும் சேர்க்கச் சொன்னது. ஒட்டாவா ஆஸ்பத்திரியும் வைத்தியரும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அதனால்தான் நம் காப்புறுதி ஈறு வரை வந்து பல்லில் நின்றுவிடுகிறது. சர்க்கரை நோயை வைத்தியர் கண்டுபிடித்தால் கட்டணம் இல்லை, அதற்கு அவர் எழுதும் மருந்துக்குக் காசு. ஒன்ராறியோவில் 65 தாண்டியவர்களுக்கும், தனியார் காப்புறுதி இல்லாத 24 வயது வரையானவர்களுக்கும் மருந்துத் திட்டம் உண்டு. கோப்பிக் கடையும் கிளீனிங்கும் என்று இரண்டு வேலை செய்யும் நடுவயதுக்காரர்தான் நடுவில் விழுந்துபோகிறார்.

பல் காப்புறுதி ட்ரூடோ தந்தது. ஜக்மீத் சிங் என்ன செய்தார்?

1966இல் நடந்ததேதான், ஆட்கள் வேறு: பியர்சன் இடத்தில் பிரதமர் ட்ரூடோ, டக்ளஸ் இடத்தில் என்.டி.பி. தலைவர் சிங். 2021 தேர்தலில் லிபரல்களுக்கு 338இல் 160, என்.டி.பி.க்கு 25. 2022 மார்ச்சில் எழுத்தில் ஒரு உடன்பாடு செய்தார்கள்: முக்கிய வாக்கெடுப்புகளில் என்.டி.பி. ஆட்சியைத் தாங்கும், பதிலுக்குப் பல் காப்புறுதியும் மருந்துக் காப்புறுதிக்கான சட்டமும் வேண்டும். 2024 மே மாதம் முதல் முதியவர்கள் பல் வைத்தியரிடம் போகத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பரில் சிங் உடன்பாட்டை முறித்தார், அக்டோபரில் மருந்துச் சட்டம் நிறைவேறியது. நீரிழிவு மருந்துகளும் கருத்தடை மருந்துகளும் மட்டும் முதல் கட்டம்.

2025 ஏப்ரலில் பர்னபியில் சிங் மூன்றாம் இடத்துக்குப் போனார். டக்ளஸுக்கு இடம் கொடுத்த அதே பர்னபி.

வேலையிடத்தில் பல் காப்புறுதி இருக்கிறது, நான்தான் எடுக்கவில்லை. அரசாங்கத்தினது கிடைக்குமா?

கிடைக்காது. எடுக்க வாய்ப்பு இருந்தாலே தகுதி போய்விடும். இதில்தான் அதிகம் பேர் தவறு விடுகிறார்கள். மற்றபடி குடும்பத்தின் சரிசெய்த நிகர வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருக்க வேண்டும், வரி தாக்கல் செய்திருக்க வேண்டும். 70,000க்குக் கீழே என்றால் திட்டத்தின் கட்டணப் பட்டியலில் உங்கள் பங்கு இல்லை. அதற்கு மேல் 80,000 வரை 40 வீதம், பிறகு 60 வீதம் நீங்கள் கட்ட வேண்டும். பல் வைத்தியர் பட்டியலை விடக் கூடக் கேட்டால் அந்த வித்தியாசமும் உங்களுடையது. கதிரையில் உட்காருமுன் கேட்டுவிடுங்கள்.

கார் இன்சூரன்ஸைத்தான் தாங்க முடியவில்லை. அதற்கு இந்தக் கட்சி ஒன்றும் செய்யவில்லையா?

சஸ்காச்சுவானில் டக்ளஸ் அதையும் செய்தார். 1945இல் அரசாங்கக் காப்புறுதி நிறுவனம், 1946இல் எல்லா வாகனத்துக்கும் கட்டாய அரசாங்கக் காப்புறுதி. மனிற்றோபாவில் 1971இலும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1973இலும் என்.டி.பி. அரசுகள் அதைப் பின்பற்றின. மூன்றும் இன்றும் இருக்கின்றன.

ஒன்ராறியோவில் கதை வேறு. 1990இல் பொப் ரேயின் என்.டி.பி. இதே வாக்குறுதியோடு பெரும்பான்மை ஆட்சி பிடித்தது. பொருளாதாரச் சரிவு, காப்புறுதித் துறையில் வேலைகள் போகும் என்ற பயம், செலவு என்று காரணம் சொல்லி 1991இல் கைவிட்டது. முழு அதிகாரம் கையில் இருந்தும் கைவிட்டதை நான் மன்னிக்கவில்லை. ஸ்காபரோவில் கார் ஓட்டும் எவரும் மன்னிக்க வேண்டியதில்லை.

வைத்தியரிடம் போக ஒரு பத்து டொலர் வைத்தால் எமர்ஜென்சியில் கூட்டம் குறையாதா?

இதையும் சஸ்காச்சுவான் செய்து பார்த்துவிட்டது. 1968இல் தாச்சர் கிளினிக்குக்கு 1.50 டொலர், ஆஸ்பத்திரியில் நாளொன்றுக்கு 2.50 டொலர் என்று வைத்தார். குறைந்தது யார் வருகை? வறியவர்கள், பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்கள். வசதியானவர்கள் வழமைபோல் வந்தார்கள். 1971இல் வந்த என்.டி.பி. அரசு அதை நீக்கியது. 1984இன் கனடா சுகாதாரச் சட்டம், இப்படி வாங்கும் மாகாணத்துக்கு மத்திய பணத்தில் வெட்டு என்றே எழுதிவிட்டது. காத்திருப்பு பெரிய பிரச்சினை, அதை மறுக்கவில்லை. அதற்கு வேண்டியது வைத்தியரும் தாதியரும் கட்டிலும். வாசலில் உண்டியல் வைத்து அது தீராது.

டக்ளஸ் கம்யூனிஸ்ட் என்கிறார்கள். ஊனமுற்றவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று எழுதினார் என்கிறார்கள். உண்மையா?

கம்யூனிஸ்ட் அல்ல, தேர்தலை நம்பிய ஜனநாயக சோஷலிஸ்ட். பொலிஸ் உளவுப் பிரிவு அவர்மேல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்பு வைத்திருந்தது மட்டும் உண்மை.

இரண்டாவது, மறைக்கக் கூடாத உண்மை. 1933இல் முதுகலை ஆய்வில், அறிவு குறைந்தவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குக் கருத்தடை சத்திரசிகிச்சை செய்யலாம் என்று எழுதினார். அன்று பல படித்தவர்களிடம் இருந்த எண்ணம் என்பது அதை நல்லதாக்காது. முதல்வரான பிறகு அதே யோசனை மேசைக்கு வந்தபோது ஏற்க மறுத்து, மனநல சிகிச்சையையும் பயிற்சியையும் தேர்ந்தெடுத்தார். பக்கத்து அல்பேர்ட்டா அதே காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைச் செய்தது. எழுதியதையும் செய்ததையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

அப்படியானால் அக்கா, மூன்றாம் கட்சிக்குப் போட்ட வோட் வீணா இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

இங்கே தொகுதியில் கூட வோட் எடுத்தவர் வெற்றி, மற்ற வோட்டுக்குக் கணக்கே இல்லை. அதனால் இரண்டு பேர் நூலிழையில் நிற்கும் தொகுதியில் மூன்றாமவருக்குப் போட்டால், உங்களுக்குப் பிடிக்காதவர் வெல்ல வழியாகலாம். அது உண்மை. அப்படியான தொகுதியில் இருப்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு தொகுதிக் கணக்கு வேறு, பாராளுமன்றக் கணக்கு வேறு. மேலே சொன்ன 21ஐயும் 25ஐயும் பாருங்கள். பெரும்பான்மை இல்லாத சபையில் அந்தச் சிறிய எண்தான் பேரம் பேசியது. அந்த எண்ணைக் கட்டியவை, ஒவ்வொன்றாகப் பார்த்தால் வீண் என்று தோன்றிய வோட்டுகள். உங்கள் தொகுதியில் போனமுறை யார் எத்தனை எடுத்தார் என்பது கனடா தேர்தல் திணைக்களத் தளத்தில் இருக்கிறது. பார்த்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

2025இல் ஏழு ஆசனம்தான் கிடைத்தது. பல் காப்புறுதியை நிறுத்திவிடுவார்களா?

தாச்சர் ஏன் கைவைக்கவில்லை என்று மேலே எழுதினேன். பல் வைத்தியரிடம் போய் வந்த ஒவ்வொருவரும் இந்தத் திட்டத்துக்குக் காவல். எனக்குக் கவலை மருந்துத் திட்டத்தில்தான். அதற்கு மாகாணமும் கையெழுத்திட வேண்டும். 2025 தேர்தலுக்கு முன் மனிற்றோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, யூக்கோன் நான்கும் போட்டன. ஒன்ராறியோ போடவில்லை. உங்கள் மாகாணசபை உறுப்பினரின் அலுவலகம் பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கும். இன்சுலின் ரசீதையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

பல் காப்புறுதி ஆண்டு ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. தானாகப் புதுப்பிக்கப்படாது. வரி தாக்கல் செய்து, வரித் திணைக்களம் அனுப்பும் கணிப்பீட்டு அறிவித்தல் கையில் வந்ததும் ஜூன் மாதத்துக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். சனிக்கிழமை வருபவர்கள் அந்தக் கடதாசியையும், சோடியாக இருந்தால் இருவருடையதையும், மறக்காமல் கொண்டுவாருங்கள்.